பதில் தராத குறிப்புச் செயலி: சட்டம் எதுவரை துணை வரும்?

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றில் தையல் கடை நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும், அவர் குறை கூறும் செயலியின் பெயரையும் தவிர்த்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2013-ஆம் ஆண்டு முதல் தமது கடையின் விவரங்கள் அனைத்தையும் அவர் ஒரு குறிப்புச் செயலியில் எழுதி வருகிறார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு உண்டு. அதில் அளவு ரவிக்கையின் படம், தோள், கை நீளம், முன்கழுத்து ஆழம், பின்கழுத்து டிசைன், தொலைபேசி எண் ஆகியவற்றோடு, “பட்டுக்கு லைனிங் கட்டாயம்”, “கை அரை இன்ச் லூசாக” என்பன போன்ற வரிகளும் இருக்கும். காலமான தந்தையாரின் மருத்துவ அறிக்கைகளும், அவர் பேசிய சில ஒலிப்பதிவுகளும்கூட அதே செயலியில்தான் இருக்கின்றன. தொடக்கத்தில் இலவசமாகப் பயன்படுத்திய அவர், 2017 முதல் ஆண்டுச் சந்தா கட்டி வருகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் செயலி வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் பிறகு, உதவிக்கு இருக்கும் பெண் டேப்லெட்டில் திருத்திய அளவு இவருடைய கைபேசிக்கு வந்து சேருவதில்லை; ஒரே வாடிக்கையாளரின் பெயரில் இரண்டு குறிப்புகளும், அவற்றில் இரு வேறு அளவுகளும் தோன்றுகின்றன. முகூர்த்த நெருக்கடியில் பழைய அளவைப் பார்த்து வெட்டிய பட்டு ரவிக்கைத் துணி ஒன்றுக்கு இவர் ஈடு கொடுக்க நேர்ந்தது. இதற்கிடையில் ₹3,200 ஆக இருந்த ஆண்டுச் சந்தா, இந்த முறை ₹6,900 ஆக அட்டையிலிருந்து தானாகவே பிடிக்கப்பட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிய மின்னஞ்சல் ஒவ்வொன்றுக்கும், “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்ற ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா, பட்டுத் துணியின் நட்டத்தையும் சேர்த்துக் கேட்கலாமா, குறிப்புகளை முழுமையாகத் தரும்படி சட்டத்தின் மூலம் கட்டாயப்படுத்த முடியுமா என்று கேட்கிறார். சந்தா கட்டாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்ற அச்சமும் அவருக்கு இருக்கிறது. இது இணைய மோசடி, காவல் துறையில் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார் அவருடைய அண்ணன். வெளிநாட்டு நிறுவனத்தை எதுவும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள் என்கிறார் மகன்.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு செயலி முன்பு நன்றாக இருந்தது, இப்போது தரம் தாழ்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் எந்த நுகர்வோர் ஆணையமும் இழப்பீடு வழங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. விலையை உயர்த்துவதும், வசதிகளைக் குறைப்பதும், நிறுவனத்தையே விற்றுவிடுவதும் பெரும்பாலும் வணிகம் செய்பவரின் விருப்பத்துக்கு உட்பட்டவை. ஆனால் அவற்றைப் பணம் கட்டும் வாடிக்கையாளருக்கு உரிய நேரத்தில், புரியும்படி சொல்லாமல் விடுவதைச் சட்டம் அவ்வளவு எளிதாக விட்டுவிடுவதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘குறைபாடு’ என்ற சொல்லுக்கு 2(11) பிரிவில் தரும் விளக்கத்தில், கவனக்குறைவால் நட்டம் விளைவிப்பதோடு, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே தெரிவிக்காமல் இருப்பதையும் சேர்த்திருக்கிறது. உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி செயலி எவ்வளவு மோசமாகிவிட்டது என்பதைப் பற்றியது. உங்கள் முறையீடு வலுவாக நிற்கக்கூடிய இடமோ, கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் தராததும், கூட்டிய விலையைத் தெளிவாகச் சொல்லாததும்தான்.

எவர்நோட்டுக்கு நடந்தது

உங்கள் அனுபவம் உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. குறிப்புச் செயலிகளில் ஏற்றமும் இறக்கமும் பொதுவெளியில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது எவர்நோட்டுக்குத்தான் என்பதால், அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 2008-இல் கலிபோர்னியாவிலிருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அந்தச் செயலி, படத்துக்குள் இருக்கும் எழுத்தைக்கூடத் தேடிக் கொடுத்தது. ஒரு கருவியில் எழுதியதை மற்றெல்லாக் கருவிகளிலும் காட்டியது. யானைத் தலையைச் சின்னமாகக் கொண்டு, எதையும் மறக்காது என்ற நம்பிக்கையைத்தான் அது விற்றது. 2013 மார்ச்சில் அதன் வலையமைப்புக்குள் அத்துமீறல் நடந்தபோது, அதைப் பகிரங்கமாக அறிவித்து, ஏறத்தாழ 5 கோடிப் பயனாளர்களின் கடவுச்சொற்களையும் மாற்றச் செய்தது. 2014-இன் தொடக்கத்தில், தமது ஒலிப்பதிவு ஒன்று செயலியில் காணாமற்போனதைத் தொழில்நுட்பச் செய்தியாளர் ஒருவர் எழுதியபோது, அன்றைய தலைமைச் செயல் அலுவலர் ஃபில் லிபின், தரம் குறைந்திருப்பதை ஒப்புக்கொண்டு வெளிப்படையாகவே பதில் எழுதினார். அதே காலத்தில் அந்த நிறுவனம் தன் பெயரில் பைகளும் காலுறைகளும் விற்றுக்கொண்டிருந்தது என்பது தனிக் கதை.

பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 2016 ஜூனில் இலவசக் கணக்குகளை இரண்டு கருவிகளுக்குள் சுருக்கிச் சந்தாவையும் உயர்த்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இயந்திரக் கற்றல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஊழியர்கள் சிலர் பயனாளர்களின் குறிப்புகளைப் படிக்க இடமளிக்கும் ஒரு தனியுரிமைக் கொள்கையை அறிவித்தார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கி, பயனாளர் சம்மதித்தால் மட்டுமே என்று திருத்தினார்கள். 2020-இல் செயலியை அடியிலிருந்து புதிதாக எழுதி வெளியிட்டபோது, பழைய பயனாளர்கள் பழகியிருந்த வசதிகள் பல அதில் இல்லை. 2022 நவம்பரில், இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற நிறுவனம் எவர்நோட்டை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2023 பிப்ரவரியில் 129 ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். ஜூலையில் அமெரிக்காவிலும் சிலியிலும் இருந்தவர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டு, பணிகள் ஐரோப்பாவுக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் தனிநபருக்கான ஆண்டுச் சந்தா 129.99 டாலருக்கு ஏறியது. நவம்பரில், இலவசப் பயனாளர்களில் ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும், இனி 50 குறிப்புகள்தான் என்ற வரம்பு முன்னறிவிப்பில்லாமல் திரையில் தோன்றியது. அது ஒரு சோதனை என்ற விளக்கம் செய்தி ஊடகங்கள் கேட்ட பிறகுதான் கிடைத்தது. டிசம்பர் 4 முதல் அந்த வரம்பு இலவசப் பயனாளர்கள் எல்லோருக்கும் நடைமுறைக்கு வந்தது. புதிய உரிமையாளர்கள் செயலிக்கு அடிக்கடி மேம்பாடுகள் வெளியிட்டு வருகிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இந்த வரலாற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியவை இரண்டு. 50 குறிப்பு வரம்பு வந்தபோதும், அதற்கு மேல் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் தங்கள் பழைய குறிப்புகளைப் பார்க்கவும், திருத்தவும், வெளியே எடுக்கவும், நீக்கவும் முடிந்தது; புதிதாகச் சேர்க்க மட்டும் முடியவில்லை. சந்தா நின்றால் அன்றைக்கே எல்லாம் அழிந்துவிடும் என்ற உங்கள் அச்சம் எல்லா இடத்திலும் உண்மையாகாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் செயலியின் விதிமுறைகளில், சந்தா முடிந்த கணக்கை என்ன செய்வோம் என்று கூறும் பத்தியைத் தேடிப் படியுங்கள், அதைப் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, அந்த நிறுவனம் வாய்திறந்து விளக்கம் சொன்னதும், பின்வாங்கியதும் பெரும்பாலும் முறையீடு பகிரங்கமான பிறகுதான். வாடிக்கையாளர் சேவை முகவரிக்குத் தனி மின்னஞ்சலாகப் போவதைவிட, ஒரு பதிவு எண்ணோடு வெளி அமைப்பு ஒன்றின் வழியாகப் போகும் புகாருக்கு மதிப்பு அதிகம்.

குறிப்புகள் உங்களுடையவைதாம், ஆனால்

“குறிப்புகள் என்னுடையவை, அவற்றை நான் கேட்கும் வடிவில் திருப்பித் தருவது அவர்களுடைய சட்டக் கடமை” என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் முதல் பாதி சரி. பெரும்பாலான செயலிகளின் விதிமுறைகளே உள்ளடக்கம் பயனாளருடையது என்றுதான் கூறுகின்றன. சிக்கல் இரண்டாவது பாதியில் இருக்கிறது. நீங்கள் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதவில்லை; வாடகைக்கு எடுத்த கிடங்கில் சரக்கை வைத்திருக்கிறீர்கள். சரக்கு உங்களுடையது, கதவும் பூட்டும் அவர்களுடையவை. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தரவின் சுருக்கத்தைக் கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் தரவை இன்னொரு சேவைக்கு எடுத்துச் செல்லத்தக்க வடிவில் கேட்டுப் பெறும் உரிமை அந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் அந்த உரிமை இருக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நாம் கொடுத்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் கேட்டுப் பெற வழி செய்கிறது. ஒன்றியத்துக்குள் நிலைகொண்டுள்ள நிறுவனத்தை அது கட்டுப்படுத்தும்போது, தரவுக்கு உரியவர் எந்த நாட்டுக் குடிமகன், எங்கே வசிக்கிறார் என்று பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் செயலியை வாங்கிய நிறுவனம் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் பதிவானதாக இருந்தால், ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ உட்கார்ந்துகொண்டே நீங்கள் இந்தப் பிரிவைக் காட்டிக் கோரிக்கை அனுப்பலாம்; பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணம் இல்லாமல் அவர்கள் பதில் தர வேண்டும். தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் நிறுவனத்தின் பதிவு முகவரியும், தரவுப் பாதுகாப்புக்கான மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுவதைவிட அந்த முகவரிக்கு எழுதும் கடிதம் சட்டப் பிரிவினரின் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

கோரிக்கை அனுப்புவது ஒருபுறம் இருக்கட்டும், பதிலுக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே குறிப்புகளை நீங்களே வெளியே எடுத்துவிடுங்கள். கைபேசியில் முயன்று முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தகைய செயலிகள் பலவற்றில் ஏற்றுமதி வசதி கணினிப் பதிப்பில் மட்டும்தான் இருக்கும். மகனின் மடிக்கணினியில் செயலியை நிறுவி, எல்லாக் குறிப்புகளும் முழுமையாக இறங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு குறிப்பேடாக ஏற்றுமதி செய்யுங்கள். எவர்நோட்டில் கிடைக்கும் எனெக்ஸ் வடிவக் கோப்பை ஆப்பிள் நோட்ஸ், ஜாப்ளின் போன்ற செயலிகள் நேரடியாக உள்வாங்கிக்கொள்கின்றன. உங்கள் செயலியிலும் அதுபோல் பிற செயலிகள் ஏற்கும் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் செயலியும் இல்லாமல் திறந்து படிக்கக்கூடிய பிடிஎஃப் அல்லது வலைப்பக்க வடிவிலும் ஒரு பிரதி எடுங்கள். குறிப்புக்குக் குறிப்பு கொடுத்திருக்கும் உள் இணைப்புகள் இந்த மாற்றத்தில் பெரும்பாலும் அறுந்துபோகும், அதைத் தவிர்க்க வழியில்லை. தந்தையாரின் குரல் பதிவுகளை மட்டும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்து, ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். கோப்பின் பெயர் மட்டும் வந்து உள்ளே ஒலி இல்லாமல் போனதைப் பழைய கணக்கு கையில் இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும்.

அட்டையிலிருந்து பிடித்த பணம்

அண்ணன் சொல்வதைப் போல இதை இணைய மோசடி என்று கருதி 1930 எண்ணை அழைப்பதில் பயன் இருக்காது. அந்த எண் நிதி மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கானது. நீங்கள் ஒருமுறை ஒப்புதல் அளித்த சந்தா, உயர்ந்த விலையில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இதில் ஏமாற்றும் நோக்கத்தை நிரூபிப்பது கடினம். காவல் நிலையத்தில் இது உரிமையியல் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2021 அக்டோபர் முதல், அட்டையில் தொடர்ந்து பிடிக்கப்படும் தொகைகள், உள்நாடானாலும் வெளிநாடானாலும், ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்க முன்கூட்டியே தரும் ஒப்புதல்) விதிகளுக்கு உட்பட்டவை. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன், யாருக்கு, எவ்வளவு, எப்போது என்ற விவரத்தோடு வங்கி உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் செய்தியிலிருந்தே விலகிக்கொள்ள வழியும் தந்திருக்க வேண்டும். ₹15,000-க்கு உட்பட்ட தொகை என்பதால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படாமல் இருப்பது சரிதான். ஆனால் நீங்கள் பதிவு செய்த ஒப்புதல் ஒரு நிலையான தொகைக்கா, அல்லது ஓர் உச்சவரம்புக்கு உட்பட்ட மாறும் தொகைக்கா என்பதுதான் இங்கே முக்கியம். நிலையான ₹3,200-க்கு ஒப்புதல் கொடுத்திருந்தால், உங்களிடம் மீண்டும் உறுதி பெறாமல் ₹6,900 பிடித்தது விதிமீறல். உச்சவரம்பு ₹10,000 என்று அன்றைக்கு யோசிக்காமல் ஒப்புக்கொண்டிருந்தால், இந்த வாதம் எடுபடாது. வங்கியின் செயலியில் இ-மேண்டேட் அல்லது நிலை அறிவுறுத்தல்கள் என்ற பகுதியில் இது தெரியும். வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எப்படி இருந்தாலும் அடுத்த ஆண்டுக்கான ஒப்புதலை இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது நிற்காது.

நீங்கள் ‘நுகர்வோர்’தானா?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எழுப்பப்போகும் கேள்வி இதுதான். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. ஆனால் சுயதொழிலாகத் தம் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவரைச் சட்டத்தின் விளக்கக் குறிப்பு இந்த விலக்கிலிருந்து காப்பாற்றுகிறது. 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்துக்கும் கோவையின் பி.எஸ்.ஜி. தொழிற் பயிலகத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. இயந்திரத்தை வாங்கியவர் தாமே உழைத்துப் பிழைப்பு நடத்தும்போது, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டார் என்பதற்காக அவர் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று அது கூறியது. (வழக்குத் தொடுத்த நிறுவனம் பெரிய அளவில் தொழில் செய்ததால் அந்த வழக்கில் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.) நீங்களே வெட்டி, நீங்களே தைத்து, ஒரு பெண்ணை உதவிக்கு வைத்திருக்கிறீர்கள், இந்த விளக்கத்துக்குள் நீங்கள் வருவீர்கள் என்றே நான் கருதுகிறேன். இதைப் புகார் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.

அதே சமயம், “பன்னிரண்டு ஆண்டு வாடிக்கையாளர்” என்று மனுவில் எழுதாதீர்கள். இலவசமாகத் தரப்படும் சேவை இந்தச் சட்டத்தின் ‘சேவை’ என்ற விளக்கத்துக்குள் வராது. உங்கள் உரிமை 2017-இல் முதல் சந்தா கட்டிய நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

பட்டுத் துணியைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிக நம்பிக்கை அளிக்க என்னால் முடியவில்லை. இப்படிப்பட்ட விதிமுறைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும், மறைமுக நட்டத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற பத்தி இருக்கும். அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்கலாம் என்றாலும், ஒரே பெயரில் இரண்டு அளவுகள் வருவதைச் சில மாதங்களாகவே கவனித்து வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தும் ஏன் அதையே நம்பி வெட்டினீர்கள் என்று ஆணையம் கேட்கும். வாடிக்கையாளருக்கு ஈடு கொடுத்த ரசீதை இணைத்துக் கோரிக்கையில் சேர்க்கலாம். முழுத் தொகையும் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டு நிறுவனம் என்பது தடையா?

மகனின் கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. வழக்குத் தொடுப்பதற்குத் தடை இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். தகராறுகள் வெளிநாட்டு நடுவர் முன்புதான் தீர்க்கப்படும் என்று விதிமுறைகளில் இருந்தாலும், நடுவர் ஒப்பந்தம் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது என்பதை எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும், இந்தியாவில் நிறுவப்படாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்கு முறையாகச் சேவை விற்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். அந்த விதிகளின்படி அவர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்களுக்கு வந்த ஒரே மாதிரியான தானியங்கிப் பதில்கள் 48 மணி நேரக் கடமையை ஒருவேளை நிறைவேற்றலாம். ஒரு மாதக் கடமையை நிறைவேற்றா.

மகன் சொல்வதில் உள்ள உண்மை, உத்தரவு கிடைத்த பிறகு தெரியவரும். இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லாத நிறுவனத்திடமிருந்து மாவட்ட ஆணையத்தின் உத்தரவுப்படி பணம் வசூலிப்பது, நடைமுறையில் மிகக் கடினமான வேலை. ஆகவே வழக்குக்கு முன் உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். பணம் கைபேசியின் ஆப் ஸ்டோர் வழியாகப் போயிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்க அந்த ஸ்டோரை நடத்தும் நிறுவனத்தின் வழிமுறை தனியாக இருக்கிறது. அங்கே நாட்களைக் கடத்தக்கூடாது. நேரடியாகச் செலுத்தியிருந்தால் ரசீதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், நிறுவனத்தின் ஜிஎஸ்டி பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியத் தனிநபர்களுக்கு இணையவழிச் சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அப்படிப் பதிவு செய்து வரி கட்ட வேண்டும். அந்த எண் இருந்தால், இந்தியச் சந்தையில் வணிகம் செய்வதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று மனுவில் எழுத முடியும்.

என் பரிந்துரை இது. முதலில் குறைதீர் அலுவலருக்கோ, அப்படி ஒருவர் இல்லையென்றால் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கோ ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். பிடித்த தேதி, தொகை, முந்தைய தொகை, நீங்கள் எழுதிய மின்னஞ்சல்களின் தேதிகள், பணத்தைத் திருப்பித் தர 30 நாள் கெடு ஆகியவை போதும். பட்டு ரவிக்கையின் கதையை அதில் எழுத வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். இந்திய வணிகத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்பாத நிறுவனங்கள் பல, அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பித் தந்துவிடும். சந்தாவை ரத்து செய்யும் பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்து வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதைத் தனியாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ள 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தாவிலிருந்து விலகுவதைக் கடினமாக்கும் ‘சந்தாப் பொறி’யும் ஒன்று. அதைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். அங்கே உங்கள் பணம் கிடைக்காது, ஆனால் பலரைப் பாதிக்கும் நடைமுறையை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

இவை எதுவும் பலிக்காவிட்டால், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியாக மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை ₹5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. பணம் பிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நுகர்வோரின் சம்மதம் இல்லாமல், அவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க இடமளிப்பதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2(46) பிரிவு சொல்வதால், நிறுவனம் கைமாறியதையே எதிர்க்கலாமே என்று யாராவது உங்களுக்கு ஆலோசனை கூறலாம். வாதம் சுவையானதுதான். ஆனால் அதை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ₹6,900-க்காக அந்தப் பாதையில் இறங்கும்படி நான் சொல்ல மாட்டேன். கைமாறியதை அறிவிக்கும் மின்னஞ்சல் வந்தும் ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதும் அங்கே உங்களுக்கு எதிராகவே அமையும்.

வாடிக்கையாளர்களின் அளவுகள்

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் குறிப்புகளில் இருக்கும் பெயர், எண், உடல் அளவு, சிலருடைய படங்கள் ஆகியவை அந்தப் பெண்களின் தனிநபர் தரவு. செயலி நிறுவனத்தின்மீது நீங்கள் சுமத்தும் கடமைகளில் ஒரு பங்கு, புதிய தரவுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது உங்கள் தோளிலும் இருக்கும். ஏற்றுமதி செய்த கோப்பை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், எவரும் திறக்கக்கூடிய பகிர்வு இணைப்பாகவும் வைக்காதீர்கள். கடவுச்சொல் போட்ட பென்டிரைவ் ஒன்றிலும், மடிக்கணினியிலும் இருந்தால் போதும். பல ஆண்டுகளாகக் கடைப்பக்கம் வராதவர்களின் குறிப்புகளைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடலாம். பழைய கணக்கை அழிக்கச் சொல்லும் கோரிக்கையை மட்டும் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு அளவுகள் வந்ததற்கான சான்று அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. திரைப் படங்களை எடுத்து, மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு புகாரில் இணைத்து, அது முடிவுக்கு வந்த பிறகு அழிக்கச் சொல்லலாம். இ-மேண்டேட்டின் பக்கத்தையும், பணம் பிடித்த அன்றைக்கு வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியையும், ரசீதையும் எனக்கு அனுப்பினால், குறைதீர் அலுவலருக்கான கடிதத்தின் வரைவைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.